ரெண்டு வயரை மாத்திக் கட்டு

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மும்முனை மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதற்கு வைத்தியம் ஐந்து நிமிடம். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிக் கட்டினால் போதும். "சுத்து மாறிப்போச்சுங்க" என்று ஃபோன் வந்தால் வயர்மேன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடுவார்.

இந்தப் பழக்கத்தை எடுத்த எடுப்பில் குறை சொல்ல மனம் வரவில்லை. மூன்று ஃபேஸும் எந்த வரிசையில் உச்சம் தொடுகின்றனவோ அந்தப் பக்கமாகவே மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழலும். இரண்டை மாற்றினால் வரிசை திரும்பும், காயிலுக்கு ஒரு கேடும் இல்லை. ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990-களின் நடுவில் கொண்டுவந்த யூரோராக் மாடுலர் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் நிலைமை வேறு. அதன் பட்டை வயரில் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட்டைக் குறிக்கும். பத்துப் பின் இணைப்பியைத் திருப்பிச் செருகினால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி, தடுப்பு டையோடு இல்லாத மாட்யூலில் ஐ.சி. போய்விடும். தண்டனை உடனே கிடைப்பதால் அங்கே கோடு, தப்பாகச் செருக விடாத காடி, டையோடு என்று காவல்கள் பெருகின. நம் மோட்டார் மன்னித்துவிடுகிறது. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்துகாட்டிய வட்டாரம் இது. ரீவைண்டிங் கடை இல்லாத சந்தை ஊர் இங்கே இல்லை. கைப்பழக்கமே போதும் என்ற தைரியம் அப்படி வந்ததுதான்.

கிணற்று மேட்டு மோனோபிளாக் பம்பில் அந்தத் தைரியம் செல்லும். பம்ப் உடலிலேயே அம்புக்குறி இருக்கும், ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பல நூறு அடி ஆழத்தில் தொங்கும் சப்மெர்சிபிள் பம்பில் எதைப் பார்ப்பது? அது தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும், அளவும் விசையும்தான் குறையும். தொட்டியில் விழும் தண்ணீர் குழாய் வாயிலிருந்து எவ்வளவு தூரம் எட்டி விழுகிறது என்று பார்த்து, வயரை மாற்றிக் கட்டி மறுபடி பார்த்து, எட்டி விழும் பக்கத்தை வைத்துக்கொள்வதுதான் உறுதியான சோதனை. அதைச் செய்யாதவர் போரில் தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கரண்ட் பில்லும் காட்டிக்கொடுக்காது. மின் கட்டணத்தை எதிர்த்து 1972-ல் கோவையில் கட்டைவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திய விவசாயிகளின் போராட்டம் நியாயமானது, 1990-ல் வந்த இலவச மின்சாரமும் அப்படியே. ஆனால் வீணாகும் யூனிட்டுக்குக் காசு கேட்க ஆளில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தால் நடுராத்திரியில் மும்முனை வந்ததும் மோட்டார் தானே கிளம்பி, பார்க்க ஆளில்லாமல் விடியும்வரை தலைகீழாக ஓடும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சுற்று மாறுவது பெரும்பாலும் தோட்டக்காரர் செய்த தப்பு அல்ல. காற்றடித்து அறுந்த லைனை ஒட்டும்போதோ, எரிந்த டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும்போதோ இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்டால், அதற்குக் கீழுள்ள அத்தனை தோட்டத்திலும் ஒரே நாளில் சுற்று மாறும். விவரமான வயர்மேன் ஸ்டார்ட்டரைத் திறக்கும் முன் பக்கத்துத் தோட்டத்தில் விசாரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கு ஆள் மாற்றிக் கட்டிவிடுவார்கள். பிறகு யாரோ புகார் சொல்லி லைன்மேன் கம்பத்தில் சரிசெய்தால், மாற்றிக் கட்டியவர் அத்தனை பேருக்கும் மறுபடி தலைகீழ். கையில் அடங்கும் ஃபேஸ் சீக்வென்ஸ் மீட்டரை டிரான்ஸ்ஃபார்மரில் வைத்து, பழைய வரிசைதானா என்று பார்த்துவிட்டு மின்சாரம் விட்டால் முடிகிற வேலை. ரெண்டு வயரை மாற்றினால் சரியாகிவிடும் என்ற சௌகரியமே அந்த மீட்டரை யாரும் கேட்காமல் செய்துவிட்டது.

காவலுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இப்போதைய பேனல்களில் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரோடு ஃபேஸ் வரிசை மாறினால் தடுக்கும் வசதியும் சேர்ந்தே வருகிறது. ஆனால் அது பார்ப்பது உள்ளே வரும் மின்சாரத்தை மட்டுமே. ரீவைண்டிங் ஆகி வந்த மோட்டாரை இறக்கும்போது கேபிள் ஜாயின்டில் நிறம் மாறினால் அதற்குத் தெரியாது. லைனில் மாறியதை மோட்டார் பக்கம் மாற்றிக் கட்டினாலோ, சுற்று சரியாகும், பிரிவென்டர் மட்டும் பிடிவாதமாக ஸ்டார்ட் ஆக விடாது. அப்புறம் அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். அதோடு ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரைக் காப்பாற்றுகிற வேலையும் போயிற்று.

ஆறு வயர் இறங்கும் ஸ்டார் டெல்டா மோட்டாரில் 'ஏதாவது ரெண்டு' என்ற சூத்திரமே ஆபத்து. மோட்டார் பக்கத்தில் யு1, வி1 என்ற இரண்டு காயில் நுனிகளை மட்டும் மாற்றினால் ஸ்டாரில் ஒழுங்காகக் கிளம்பும். டெல்டாவுக்கு மாறியதும் ஒரு காயிலின் இரண்டு நுனியும் ஒரே ஃபேஸில் மாட்டிக்கொள்ள, மற்ற இரண்டு காயிலும் சிங்கிள் ஃபேஸில் இழுபடும். ஓவர்லோடு ரிலேயையும் யாராவது கூட்டி வைத்திருந்தால் மோட்டாரை மேலே ஏற்ற வேண்டியதுதான். எந்த மோட்டாரானாலும் லைனில் வந்த மாற்றத்தை மெயின் ஸ்விட்சுக்கும் பிரிவென்டருக்கும் நடுவில், அந்த ஒரே இடத்தில், மாற்றுவதுதான் முறை. மாற்றிய தேதியைப் பேனல் கதவின் உட்பக்கம் எழுதி வைத்தால், அடுத்து வரும் வயர்மேன் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை.