வரமும் தந்திரமும்

மலையைப் பெயர்ப்பவன் முன்னால் வாள்வீச்சு என்ன செய்துவிடும்? அதிமனித ஆற்றலும் மனிதத் திறமையும் மோதும் எந்தக் கதையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். திறமைசாலி நல்லவன், ஆகவே வென்றான் என்பது பதிலாகாது. இதிகாசங்களிலிருந்து இன்றைய காமிக்ஸ், மாங்கா வரை நம்மை நம்பவைத்த சண்டைகளை அடுக்கிப் பார்த்தால், அவற்றில் இரண்டு விதிகள் காக்கப்பட்டிருப்பது தெரியும். ஆற்றலின் எல்லை, சண்டை மூள்வதற்கு முன்பே வாசகருக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. அந்த எல்லையைப் பயன்படுத்தி வெல்பவனும் அதற்கு ஒரு விலை கொடுக்கிறான். முதல் விதியைப் பலரும் பேசுகிறார்கள். இரண்டாவதுதான் கதையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

மகாபாரதத்தில் கர்ணன் தன் கவச குண்டலங்களை இந்திரனுக்குக் கொடுத்து, ஈடாகச் சக்தி ஆயுதத்தைப் பெறுகிறான். எறிந்தால் இலக்கைக் கொல்லாமல் விடாத ஆயுதம். ஆனால் ஒரே ஒருமுறைதான் எறியலாம். அர்ஜுனனுக்கென்று அவன் அதைக் காத்துவருவது நமக்குத் தெரியும். பதினான்காம் நாள் போர் இரவிலும் தொடர்ந்தபோது, கண்ணன் பீமனின் அரக்க மகன் கடோத்கசனைக் கர்ணன்மேல் ஏவுகிறான். இருளில் அரக்கர் பலம் பெருகும். கௌரவப் படை சிதற, எல்லோரும் மன்றாட, வேறு வழியின்றிக் கர்ணன் சக்தியை எறிந்துவிடுகிறான். இங்கே கண்ணன் அந்த ஆயுதத்தின் வலிமையில் இம்மியும் குறைக்கவில்லை. அது செலவாகும் இடத்தை மட்டும் மாற்றினான். அதற்கு ஈடாகப் பீமன் தன் மகனை இழந்தான். இந்தச் சூழ்ச்சி நம் மனத்தில் கனப்பதற்கு அந்த இழப்பே காரணம்.

நவீனப் படக்கதைகளில் தேர்ந்தவை இதே கணக்கைத்தான் போடுகின்றன. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழ் வழியே தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான். அப்போதும் அவனது இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அந்த மாயமும் சிறிது நேரத்துக்குத்தான். இந்த மூன்று வரம்புகளுமே அவன் கதைகளுக்குப் பதற்றம் தந்தன. 1998இல் தொடங்கிய யோஷிஹிரோ தொகாஷியின் ‘ஹன்டர் × ஹன்டர்’ மாங்கா இதை இன்னும் வெளிப்படையான விதியாக்கியது. அதில் ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு கடுமையாக ஆக, ஆற்றலும் கூடும். அதில் வரும் குராபிகா என்பவன் தன் எதிரிக் கூட்டத்தைக் கட்டிப்போடும் சங்கிலியை வேறொருவர்மேல் பயன்படுத்தினால் அவன் உயிரே போய்விடும். ஆற்றலும் அதன் விலையும் ஒரே வாக்கியத்தில் பிறக்கின்றன.

தந்திரத்துக்கே எல்லை இல்லாமல் போனால் என்ன ஆகும்? பேட்மேன் ரசிகர்கள் பலர், தயாராக நேரம் கிடைத்தால் அவனால் யாரையும் வீழ்த்த முடியும் என்கிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். எல்லாவற்றையும் முன்னறியும் மூளை, பறக்கும் உடலைப் போலவே இன்னொரு அதிமனித ஆற்றல்தான். அதற்கு மனிதத் திறமை என்று பெயர் சூட்டுவது வாசகரை ஏமாற்றுவது. பிராங்க் மில்லர் 1986இல் எழுதிய ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ இந்தப் பிழையைச் செய்யவில்லை. அதில் சூப்பர்மேன் அணுகுண்டு வெடிப்பில் சிக்கி ஏற்கெனவே நலிந்திருக்கிறான். பேட்மேனுக்குக் கவசம் வேண்டும், நகரத்தின் மின்சாரம் வேண்டும், சூப்பர்மேனை நலியவைக்கும் கிரிப்டோனைட் அம்பை எய்ய நண்பன் ஒருவன் வேண்டும். இத்தனையும் சேர்ந்து கிடைப்பது சில நிமிட மேலாதிக்கம். அதற்குள் அவனுடைய முதிய உடல் தளர்ந்துவிடுகிறது.

விதிகளை இப்படி எழுதி வைத்தால் சண்டை வெறும் புதிராகிவிடும், வியப்பு செத்துவிடும் என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பலவீனத்தைக் கண்டுபிடித்ததும் முடிந்துவிடும் கதைகள் ஏராளம். ஆனால் கம்பனின் வாலியைப் பாருங்கள். எதிர்நிற்பவரின் வலிமையில் பாதி அவனைச் சேரும் என்ற வரம் முதலிலேயே நமக்குச் சொல்லப்படுகிறது. எதிரே நில்லாமல் மறைந்து அம்பெய்வது அந்த வரத்துக்குச் சரியான விடை. புதிர் அங்கேயே தீர்ந்துவிட்டது. கவிதை அங்கே முடியவில்லை. மார்பில் அம்பு தைத்துக் கிடக்கும் வாலி, மறைந்து எய்தது எந்த அறம் என்று கேட்கிறான். இராமன் விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் தமிழ்ப் பட்டிமன்றங்கள் வரை அந்த வழக்கு நீள்கிறது. இராமன் கொடுத்த விலை ஓயாத இந்த விசாரணைதான்.

ஆகவே இன்று அதிநாயகக் கதை எழுத முனைபவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் வில்லனின் ஆற்றலுக்கு எல்லை வகுப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவனை ஏய்த்து வெல்பவன் எதை இழக்கிறான் என்பதையும் முடிவு செய்த பிறகு சண்டைக் காட்சியை எழுதுங்கள். எதையும் இழக்காமல் வெல்லும் சூழ்ச்சிக்காரன், வரம் பெற்ற அசுரனைவிட நம்பத்தகாதவன்.