பூட்டைத் திறந்து வைத்த நூல்

அமெரிக்க இயற்பியலாளர் மார்க் லுட்விக், 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'தி லிட்டில் பிளாக் புக் ஆஃப் கம்ப்யூட்டர் வைரசஸ்' என்ற நூல், நான்கு கணினி வைரஸ்களின் நிரல்களை முழுமையாக அச்சிட்டுத் தந்தது. அறிவைச் சிலர் மட்டும் பூட்டிவைத்துக்கொள்ளலாகாது என்பது ஆசிரியரின் வாதம். அதை எளிதில் தள்ளிவிட இயலாது; நூலின் நடையும் தெளிவானது.

முதலில் வரும் 'டிமிட்' தானிருக்கும் கோப்பகத்தைத் தாண்டாத சாது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் முறையை அறிய அதுவே போதும். 'ஸ்டெல்த்' அப்படியன்று. வட்டின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து, தேடுவோர் கண்ணுக்கு மறைந்துகொள்வது. அதன் வழிவந்தவை பின்னாளில் யார் யாருடைய கணினிகளிலோ புகுந்தன.

நம் நாமக்கல் பண்ணைகளில் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க, உயிருள்ள நச்சுயிரியையே கோழிகளின் குடிநீரில் கலக்கிறார்கள். ஆனால் அது வீரியம் குறைந்தது. வீரியம் குன்றாததைப் பாடம் என்று சொல்லி எந்த ஆய்வுக்கூடமும் ஊருக்குப் பங்கிடுவதில்லை.

தவறாகப் பயன்படுத்தாதீர் என எச்சரித்துவிட்டு, வாங்குபவனின் மனச்சான்றின்மேல் பாரத்தை இறக்கிவைக்கிறார் லுட்விக். இருக்கட்டும். நிரல்கள் அடங்கிய வட்டையும் தனியே விலைக்கு வைத்தது ஏன்? கற்க விரும்பியவன் புத்தகத்தைப் பார்த்துத் தானே தட்டச்சு செய்துகொண்டிருப்பான்.