நிகழ்தகவுப் பயிற்சிக் கணக்குகள்: ஒரு திறனாய்வு

கணிதத்தின் ஏனைய பிரிவுகளிற் பயிற்சிக் கணக்கென்பது விதியைக் கையாளப் பழக்கும் ஒரு கருவி மாத்திரமே. நிகழ்தகவிலோ அஃது அதனினும் மேற்பட்டது. இருபடிச் சமன்பாடொன்றைத் தீர்க்கும் மாணவனுக்கு அச்சமன்பாடு எங்கிருந்து வந்தது என்னும் ஆராய்ச்சி வேண்டுவதில்லை. பையிலிருந்து பந்தெடுக்கும் மாணவனுக்கோ, பந்து எவ்வாறு எடுக்கப்பட்டது, எடுத்தது மீண்டும் இடப்பட்டதா, எடுத்தவன் பார்த்து எடுத்தானா என்பன யாவும் விடையின் பகுதிகளேயாம். வினாவின் சொற்களே இங்குக் கணிதத்தின் பாதி. ஆதலின் இக்கணக்குகளைச் செய்யுளைத் திறனாய்வதுபோற் சொல் நோக்கித் திறனாய்தல் தகும்.

"குறைந்தது ஒன்று" எனக் கண்டவிடத்து ஒன்றிலிருந்து கழிக்க. "மீள இடாது" எனக் கண்டவிடத்துப் பகுதியெண்ணில் ஒன்றைக் குறைக்க. "சராசரியாக மணிக்கு இத்தனை" எனக் கண்டவிடத்துப் புவாசோன் பரம்பலை எழுதுக. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவன் இவ்வகைக் குறிப்புகளையே மனனஞ் செய்துகொள்கின்றான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. வினாக்கள் அவ்வாறே ஆக்கப்பட்டுள்ளன; புள்ளியிடும் முறையும் அவ்வாறே அமைந்துள்ளது. இரு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைப் பெருக்கி விடை கண்டவனுக்கு முழுப்புள்ளி கிடைக்கும். இவை ஒன்றையொன்று சாராதன என்பது எங்ஙனம் தெரிந்தது என்று வினவி நின்றவனுக்கு நேரந்தான் வீணாகும்.

எழுமாற்று மாறிகளின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 0 இற்கும் 2 இற்கும் இடையில் அடர்த்திச் சார்பு kx(2−x) எனத் தரப்பட்டு, k, இடை, மாறற்றிறன் ஆகியவற்றைக் காணுமாறு கேட்கப்படும். k முக்காலாகும், மாறற்றிறன் ஐந்திலொன்றாகும். இடை 1 என்பதைச் சமச்சீர் நோக்கியே கூறிவிடலாம். எனினும் மாணவருட் பெரும்பாலோர் ஒரு பக்கம் நிரம்பத் தொகையிடுவர். அந்த மாறி எதனை அளக்கின்றது என்பது வினாவிலும் இல்லை, விடையிலும் இல்லை. தொகையீட்டுக் கணக்கொன்று நிகழ்தகவின் சட்டையை அணிந்து வந்ததன்றி இது வேறன்று.

சட்டையேனும் பொருந்துமா என்று பாராது அணிவிப்பாரும் உளர். மின்குமிழ்களின் ஆயுள் செவ்வன் முறையிற் பரம்பியுள்ளது, இடை 1000 மணி, நியம விலகல் 400 மணி என்பது போன்ற வினாவை ஆசிரியர் எவரும் எளிதில் ஆக்கிவிடலாம். 1500 மணிக்கு மேல் எரிவன எத்தனை வீதம் என்று கேட்டு விடையும் பெறலாம். ஆயின் அதே அட்டவணை, ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஆறு குமிழ்கள் பூச்சியத்திலுங் குறைந்த ஆயுளுடையன என்றும் கூறும். ஏற்றுவதற்கு முன்னரே அணைந்துபோன அக்குமிழ்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

வினாவின் சொல்லே வினாவாக அமைந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லூயிஸ் கரோல் 1893 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தலையணைக் கணக்குகள்' என்னும் நூலின் இறுதிக் கணக்காகும். ஒக்சுபோட்டிற் கணித விரிவுரையாளராயிருந்த இவர், உறக்கம் வராத இரவுகளில் மனத்திலேயே செய்த எழுபத்திரண்டு கணக்குகளை அந்நூலிற் றொகுத்தார். கறுப்போ வெள்ளையோ என்பது தவிர வேறொன்றும் அறியப்படாத இரு வில்லைகள் ஒரு பையில் உள. வெளியே எடுக்காமலே அவற்றின் நிறங்களைக் கூறுக என்பது எழுபத்திரண்டாவது கணக்கு. ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை என்பது அவர் கண்ட விடை.

அவர் காட்டும் நிறுவல் இது. இரண்டும் கறுப்பாதல், ஒன்று கறுப்பாதல், இரண்டும் வெள்ளையாதல் ஆகியவற்றின் நிகழ்தகவுகள் முறையே 1/4, 1/2, 1/4. பையினுள் மேலுமொரு கறுப்பு வில்லையை இடுக. அப்பொழுது கறுப்பொன்றை எடுக்கும் நிகழ்தகவு 1/4 + 1/3 + 1/12 ஆகும், அஃதாவது 2/3. மூன்று வில்லையுள்ள பையில் இந்நிகழ்தகவு 2/3 ஆயின் அங்கே இரண்டு கறுப்பும் ஒரு வெள்ளையும் இருத்தல் வேண்டும். இட்ட கறுப்பை நீக்கினால் எஞ்சுவன ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும்.

ஒவ்வொரு வரியும் வகுப்பறையிற் கேட்டுப் பழகிய வரியே, கூட்டலிலும் வழுவில்லை. வழு இருப்பது இறுதிப் படியிலாகும். இரண்டு கறுப்பும் ஒரு வெள்ளையும் உள்ள பை 2/3 ஐத் தரும் என்பது உண்மை. ஆனால் 2/3 ஐத் தருவதெல்லாம் அத்தகைய பையன்று. அறியப்படாத மூன்று பைகளின் கலப்பும் அதே எண்ணைத் தரலாம். எழுமாற்று மாறியின் மொழியிற் சொல்லின், கறுப்பு வில்லைகளின் எண்ணிக்கைக்கு இடை 1. அவ்விடையையே மாறியின் பெறுமானமெனக் கரோல் கொண்டுவிட்டார். மூன்று வில்லைகளுடன் தொடங்கிப் பார்த்தாற் குட்டு வெளிப்படும். அங்கே கறுப்பின் இடை ஒன்றரை. ஒரு கறுப்பை மேலும் இட்டால் நிகழ்தகவு 5/8. நான்கு வில்லையுள்ள எந்தப் பையும் 5/8 ஐத் தரமாட்டாது. கரோல் இதனை வேண்டுமென்றே பகடியாகச் செய்தாரா என்பது பற்றிக் கற்றோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், இடையென்பது யாது, யாதன்று என்பதை இதனினும் நன்கு உணர்த்தும் பயிற்சி பாடநூல்களில் அரிது.

பரம்பல்களைப் பொறுத்தவரையிற் பழமைச் சிறப்புடைய கணக்கு பிரஷ்யப் படையின் குதிரை உதைக் கணக்கேயாம். புவாசோன் தம் பரம்பலை 1837 இல் வெளியிட்டார். அதனை உலகத்து நிகழ்ச்சியொன்றோடு பொருத்திக் காட்டிப் புகழ்பெறச் செய்தவர் 1898 இற் 'சிற்றெண்களின் விதி' என்னும் நூலை எழுதிய போட்கியேவிச் ஆவார். 1875 முதல் 1894 வரை குதிரை உதைத்து இறந்த படைவீரரின் தொகையைப் படைப்பிரிவு வாரியாக அவர் எடுத்தாண்டார். பத்துப் பிரிவுகளும் இருபது ஆண்டுகளும் சேர்ந்து 200 பதிவுகள். ஒருவரும் இறவாதன 109; ஒருவர் இறந்தன 65; இருவர் 22; மூவர் 3; நால்வர் 1. இறந்தோர் 122, இடை 0.61. மாறற்றிறனும் ஏறத்தாழ 0.61 ஆகவே வருகின்றது. புவாசோன் சூத்திரம் தரும் எண்கள் 108.7, 66.3, 20.2, 4.1, 0.6. இத்துணைப் பொருத்தத்தைக் கண்ணுறும் மாணவன் வியப்படைதல் இயல்பே. குதிரையும் வீரனும் அறியாத ஓர் ஒழுங்கு தற்செயலின் உள்ளேயே இருக்கக் காண்கின்றான். மின்குமிழ்க் கணக்கு நூறு செய்தாலும் இவ்வியப்பு வாராது.

ஆயின் இக்கணக்கும் தன் சொற்களாற் சிலவற்றை மறைக்கின்றது. பிரஷ்யத் தரவில் இருந்தவை பதினான்கு பிரிவுகள். காவற்படை உள்ளிட்ட நான்கு பிரிவுகளின் அமைப்பு ஏனையவற்றினின்றும் வேறுபட்டிருந்தமையால் போட்கியேவிச் அவற்றை நீக்கியும் கணித்தார். பிஷர் 1925 இல் வெளியிட்ட நூலில் எடுத்தாண்டது பத்துப் பிரிவுகளின் அட்டவணையே. அதுவே பாடநூல்களிற் பரவியது. பதினான்கையுஞ் சேர்த்தால் 280 பதிவுகள்: 144, 91, 32, 11, 2. இடை 0.70, மாறற்றிறன் 0.76. சூத்திரம் 139.0, 97.3, 34.1, 7.9, 1.4 என்று கூறும். பொருத்தம் கெட்டுவிடவில்லை, முன்னைய வியப்புத்தான் குறைகின்றது. நான்கையும் நீக்கியது ஏமாற்றன்று, தக்க காரணமுடையது. அக்காரணத்தை மாணவனே ஆராயுமாறு இரு அட்டவணைகளையும் ஒருங்கே கொடுத்திருந்தால், ஒரே இடை, ஒரே வீதம் என்னும் எடுகோள் எங்கே தேவைப்படுகின்றது என்பது அவனுக்குப் புலப்பட்டிருக்கும்.

எடுகோளைக் கேளாது பெருக்கும் பழக்கம் வகுப்பறைக்கு வெளியே என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த சாலி கிளார்க் வழக்குச் சான்று. அவருடைய இரு குழந்தைகள் 1996 இலும் 1998 இலும் சில வாரப் பருவத்திலேயே திடீரென இறந்தன. 1999 இற் கொலைக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். புகைபிடியாத, வருவாயுள்ள, தாய் இருபத்தாறு வயதுக்கு மேற்பட்ட குடும்பத்தில் இத்தகைய சாவு 8543 இல் ஒன்று என்று மருத்துவ நிபுணர் ஒருவர் சாட்சியங் கூறினார். இரு சாவுக்கு அதனை வர்க்கித்து, ஏழு கோடியே முப்பது இலட்சத்தில் ஒன்று என்றார். வர்க்கிப்பதற்கு இரு சாவுகளும் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். ஒரே தாய் தந்தையர், ஒரே இல்லம், ஒரே பரம்பரை. அவ்வெண்ணுக்குப் புள்ளிவிபரவியல் அடிப்படை யாதும் இல்லையென அரச புள்ளிவிபரவியற் சங்கம் 2001 இல் வெளிப்படையாக அறிவித்தது.

பெருக்கல் சரியென்று கொண்டாலும் வேறொரு வழு எஞ்சும். தாய் குற்றமற்றவளாயின் இரு சாவு நேரும் நிகழ்தகவு வேறு. இரு சாவு நேர்ந்தவிடத்து அவள் குற்றமற்றவளாகும் நிகழ்தகவு வேறு. தாயொருத்தி இரு குழந்தைகளைக் கொல்லுதலும் மிக மிக அரிதே. அவ்விரு அருமைகளையும் ஒப்பிடாமல் ஒன்றை மட்டும் நீதிமன்றில் எடுத்துரைத்தல் பேயிசின் தேற்றத்தை முதலாண்டிற் பயில்பவனும் செய்யத்தகாத பிழை. 2003 தையில் அவர் விடுதலையானார். வெளிப்படுத்தப்படாதிருந்த ஆய்வுகூட முடிபுகளே அதற்கு முதற்காரணமாயினும், இவ்வெண்ணையும் நீதிபதிகள் கண்டித்தனர். 2007 இல் அவர் காலமானார்.

இவ்வழக்கைப் பயிற்சியாக்க விரும்பும் ஆசிரியர் 8543 ஐ வர்க்கிக்குமாறு கேட்டல் வேண்டா. முதற் குழந்தை இறந்த குடும்பத்தில் இரண்டாவது குழந்தைக்கும் அதே பின்னத்தை வழங்குவதற்கு எவ்வெச் செய்திகள் தெரிந்திருத்தல் வேண்டும் என்று கேட்கலாம். அவ்வினாவுக்கு எண் விடை இல்லை. ஒரு பக்கத்தில் எழுதத்தக்க விடை உண்டு.