கிதாபின் ஓரமும் கட்டுரையின் அடிக்குறிப்பும்

இஸ்லாமிய ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுத உட்காரும் நம் பிள்ளைகள் பொருளைக் கண்டு பயப்படுவதில்லை. இதழாசிரியர் அனுப்பும் விதிகளைக் கண்டுதான் மலைத்துப்போகிறார்கள். அடிக்குறிப்பு, ஒலிபெயர்ப்பு, ஹிஜ்ரி ஆண்டோடு கி.பி. ஆண்டு, துணைநூல் வரிசை என்று வரும் அந்தப் பட்டியலை, மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நம் தலையில் கட்டிய வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் பிழையானது. ஏட்டை எப்படி எழுதுவது, எப்படிச் சரிபார்ப்பது, யாரிடமிருந்து வந்தது என்பதை எப்படிக் குறிப்பது என்பதற்கெல்லாம் நம் உலமாக்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே விதி வகுத்துவிட்டார்கள்.

ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) டமாஸ்கஸில் மறைந்த இப்னுஸ் ஸலாஹ், ஹதீஸ் கலை பற்றிய தம் 'முகத்திமா'வில் ஹதீஸை எழுதும் முறைக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். இரண்டு ஹதீஸ்களுக்கு நடுவே ஒரு வட்டம் போட்டுப் பிரிக்க வேண்டும். அந்த வட்டத்தை வெறுமையாக விட்டுவைத்து, மூலப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உள்ளே புள்ளி வைக்க வேண்டும் என்பது அவருக்கும் முந்திய கதீப் அல்-பக்தாதியின் யோசனை. அப்துல்லாஹ் என்ற பெயரை எழுதும்போது 'அப்த்' ஒரு வரியின் கடைசியிலும் 'அல்லாஹ்' அடுத்த வரியின் தொடக்கத்திலுமாகப் பிரிந்து விழக்கூடாது. விடுபட்ட சொல்லை ஓரத்தில் சேர்த்தால் அதன் முடிவில் 'ஸஹ்ஹ' (சரி) என்று போட வேண்டும். அது எழுத்தர் மறந்த சொல்தான், பிறகு யாரோ இடைச்செருகியதல்ல என்பதற்கு அதுவே சாட்சி. நபிகளாரின் பெயர் வரும்போதெல்லாம் ஸலவாத்தைச் சலிக்காமல் முழுமையாக எழுத வேண்டும் என்றும் வலியுறுத்தினார். தமிழ் அச்சில் '(ஸல்)', '(ரலி)' என்ற சுருக்கம் நிலைத்துவிட்டது. இதழ் அதைக் கேட்டால் அப்படியே கொடுக்கலாம். ஆனால் கட்டுரையில் முதல்முறை வரும் இடத்திலாவது முழுதாக எழுதுவதே முறை என்பது என் கருத்து.

இந்த மலர் வெளிவரும் கூடலூருக்கு இந்தக் கிதாபு மரபில் தனிப் பங்கு உண்டு. 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்படும் வரை இது தென்கிழக்கு வயநாடு. நாடுகாணியில் மலை இறங்கினால் நிலம்பூர்; அந்த வழியாக வந்தது பொன்னானியின் பள்ளிவாசல் தர்ஸ் மரபு. அது ஷாஃபி மத்ஹபு, அரபு மலையாளக் கிதாபு, ஜைனுத்தீன் மக்தூமின் 'ஃபத்ஹுல் முஈன்'. சமவெளியிலிருந்து ஏறி வந்த ராவுத்தர் குடும்பங்களோடு வந்தது ஹனஃபி மரபு. அதன் பெரிய பாடசாலை வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத். மூன்றாவது, காயல்பட்டினம் – கீழக்கரைக் கடற்கரையின் ஷாஃபி மரபு. அங்கே மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் அரபுத்தமிழில் ஃபிக்ஹு நூல்கள் எழுதினார்கள். காலையில் மத்ரஸாவில் அரபு மலையாளமும், பிறகு பள்ளிக்கூடத்தில் தமிழும் படித்து வளர்ந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். இரண்டு எழுத்துமுறையையும் நேரடியாக வாசிக்கத் தெரிந்த ஆய்வாளருக்குச் சென்னையிலும் பஞ்சம்தான்.

ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்போம். 'ஃபத்ஹுல் முஈன்' நூலுக்கு மக்காவில் எழுதப்பட்ட விளக்கம் 'இஆனதுத் தாலிபீன்'. பழைய அச்சுகளில் பக்கத்தின் நடுவே இருப்பது இஆனா. ஃபத்ஹுல் முஈன் ஓரத்தில் ஓடும். முதல் தாளில் 'வபிஹாமிஷிஹி' (அதன் ஓரத்தில்) என்று தொடங்கும் சிறு வரி அதைச் சொல்லும். அந்த வரியைக் கவனிக்காமல், நடுவில் இருப்பதையே மக்தூம் சொன்னதாக மேற்கோள் காட்டினால், பத்தொன்பதாம் நூற்றாண்டு மக்காவின் கருத்து பதினாறாம் நூற்றாண்டுப் பொன்னானியின் கருத்தாக மாறிவிடும். அடிக்குறிப்பில் 'ஓரம்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், இந்தக் குழப்பம் வராது.

தமிழில் இஸ்லாமிய இலக்கியத் துறையில் ஆய்வு முறை வேரூன்றியது ம. மு. உவைஸ் காலத்தில். இலங்கையின் அந்தப் பேரறிஞர், தமிழுக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வை 1953இல் நூலாக்கினார். பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, பீ. மு. அஜ்மல்கானோடு இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாகத் தந்தார். திருச்சியில் 1973இல் கூடிய முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும், அதைத் தொடர்ந்து சென்னை, காயல்பட்டினம், கொழும்பு மாநாடுகளும் கட்டுரைகளையும் மலர்களையும் குவித்தன. அவற்றை நன்றியோடுதான் புரட்டுகிறேன். ஆனால் பல கட்டுரைகளில் நூற்பெயர் இருக்கும், பதிப்பு இருக்காது. பாடல் இருக்கும், எந்தப் படலம் என்று இருக்காது. வியந்து எழுதுவது ஒரு வேலை, வாசகர் சரிபார்க்கும்படி எழுதுவது வேறொரு வேலை. இரண்டாவதை இன்று இலங்கை ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம் தமிழிலேயே வளர்க்கிறது.

குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிக்தால் ஆசிரியராயிருக்க 1927இல் ஹைதராபாத்தில் தொடங்கிய 'இஸ்லாமிக் கல்ச்சர்' போன்ற ஆங்கில இதழ்களில் எழுதுவோருக்கு ஒலிபெயர்ப்பு பெரிய சிக்கல் இல்லை. இதழ் தரும் அட்டவணைப்படி ரோமன் எழுத்தின் மேலும் கீழும் புள்ளியும் கோடும் போட்டால் முடிந்தது. தமிழில் அப்படி எல்லாரும் ஒப்புக்கொண்ட அட்டவணை கிடையாது. குர்ஆனின் 40ஆம் அத்தியாயமான ஃகாஃபிர், 'மன்னிப்பவன்' என்ற பொருளுடையது. முன்னால் ஓர் ஆய்தம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டு அச்சுகளில் இதே அத்தியாயம் 'அல் முஃமின்' என்றும், 17ஆவது 'பனீ இஸ்ராயீல்' என்றும் இருக்கும். அரபு நாட்டு அச்சில் அது 'அல் இஸ்ரா'. எனவே பெயரோடு 17:23 என்பதுபோல எண்ணும் கட்டாயம் வேண்டும். ஹதீஸில் எண் மட்டும் போதாது. முஹம்மது ஃபுஆத் அப்துல் பாக்கி இட்ட வரிசையில் ஸஹீஹ் முஸ்லிம் 3033இல் முடியும். ஸித்தீகியின் ஆங்கில மொழிபெயர்ப்பிலோ எண்கள் 7000ஐத் தாண்டும். கிதாபு பெயரையும் பாடத் தலைப்பையும் சேர்த்துக் கொடுத்தால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் கண்டுபிடிப்பார்.

ஆண்டுகளிலும் கவனம் தேவை. ஹிஜ்ரி 1300 என்று மட்டும் கண்டால் கி.பி. 1882 என்று முடிவு கட்டக் கூடாது. அந்த ஆண்டு 1882 நவம்பரில் தொடங்கி 1883இல் முடிகிறது. மாதம் தெரியாவிட்டால் 1882–83 என்றே எழுத வேண்டும். கேரள மாப்பிள்ளை முஸ்லிம்களின் நூல்களில் கொல்லம் ஆண்டும் வரும். கோழிக்கோட்டுக் காஜி முஹம்மதின் முஹ்யித்தீன் மாலை கொல்லம் 782, அதாவது கி.பி. 1607.

கூடலூர், பந்தலூர், தேவாலா வீடுகளில் பாட்டனார் ஓதிய கிதாபுகள் இன்னும் இருக்கின்றன. இந்த மலையின் மழைக்காலப் பூஞ்சையிலிருந்து அவற்றைக் காப்பது ஒரு பக்கம். அவற்றைப் பற்றி எழுதப் போகிறவர் முதலில் கடைசித் தாளைத் திறக்கட்டும். தலச்சேரி, பொன்னானி, திரூரங்காடி கல்லச்சுப் புத்தகங்களில் அட்டையும் முதல் தாளும் போயிருந்தாலும், அச்சகப் பெயரும் ஆண்டும் பல வேளை முடிவுரையில் தப்பியிருக்கும். ஓரத்தில் ஓதியவரின் கைக்குறிப்பு இருந்தால் அதை நூலாசிரியரின் வாசகத்தோடு கலக்காமல் தனியாகப் பிரதியெடுக்க வேண்டும். பிரதி எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை தாள், எவை இல்லை, எப்போது பார்த்தது என்ற விவரங்கள், உடையவர் சம்மதத்தோடு, முதல் அடிக்குறிப்பிலேயே வர வேண்டும். இவ்வளவும் இருந்தால் ஒலுவிலில் அந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவர் நாடுகாணி பஸ்ஸில் வந்து இறங்கி, அதே பக்கத்தை எடுத்துப் பார்த்து, நீங்கள் எழுதியது சரியா என்று சொல்ல முடியும்.