உழைப்பின் அறமும் மாணவர் ஊக்கமும்: ஒரு விமர்சன நோக்கு

இஸ்லாமிய உழைப்பு அறம் உயர்கல்வி மாணவரின் ஊக்கத்தை எவ்வாறு வளர்க்கும் என்ற வினா முகாமைத்துவ ஆய்வுகளில் இன்று அடிக்கடி எழுப்பப்படுகிறது. வினா பயனுள்ளதே. ஆயினும் விடை பெரும்பாலும் ஒரே திசையில் தேடப்படுகிறது. மாணவன் எவ்வளவு உழைக்கவேண்டும் என்பது வற்புறுத்தப்படுகிறது. அவன் உழைப்பின்பால் பிறர் எவ்வளவு கடமைப்பட்டுள்ளனர் என்பது பேசப்படுவதில்லை. இக்குறைபாட்டை இஸ்லாமியச் சிந்தனை மரபிலிருந்தே எடுத்துக்காட்டலாம். திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தின் அனுபவம் அதற்கு உரைகல்லாக அமைகிறது.

மக்ஸ் வெபர் 1904-05இல் எழுதிய கட்டுரைகளில் முதலாளித்துவத்தின் உழைப்பு மனப்பான்மையைப் புரட்டஸ்தாந்து அறத்தோடு தொடர்புபடுத்தினார். இஸ்லாத்தைப் போர்வீரரின் சமயமாகவே நோக்கினார். இஸ்லாம் பொருளியல் முயற்சிக்குத் தடை என்ற கருத்தை 1966இல் மக்சிம் ரொடின்சன் மறுத்தார். 1988இல் அப்பாஸ் அலி இஸ்லாமிய உழைப்பு அறத்தை அளப்பதற்கு 46 கூற்றுக்கள் கொண்ட வினாக்கொத்தொன்றை வெளியிட்டார். அதன் 17 கூற்றுச் சுருக்கமே பின்வந்த ஆய்வுகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று. நிய்யத்தின் முதன்மையும் பணியிட நீதியும் அதில் இடம்பெறுவது பாராட்டுக்குரியது. எனினும் கருவியின் இயல்பே அதன் எல்லையுமாகிறது. நீதி அவசியம் என்று விடையளிப்பவன் கருதுகிறானா என்பதை அது அளக்கும். அவனுக்கு நீதி கிடைத்ததா என்பதை அளக்காது.

இமாம் கஸ்ஸாலியின் (1058-1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ அறிவு பற்றிய நூலோடு தொடங்குகிறது. அங்கே மாணவனுக்குப் பத்துக் கடமைகளை வகுத்தவர், ஆசானுக்கும் எட்டுக் கடமைகளை வகுக்கிறார். மாணவரைத் தம் மக்களெனப் பரிவோடு நடத்துதல் அவற்றுள் முதலாவது; கற்பிப்பதன்படி தாமே ஒழுகுதல் இறுதியானது. கல்வி இரு தரப்பினரின் கடமையால் நடைபெறுவது என்னும் எண்ணம் இவ்வமைப்பிலேயே பொதிந்துள்ளது.

அதே நூலில் தம் காலத்து மாணவரின் நோக்கத்தையும் அவர் கூர்ந்து விமர்சிக்கிறார். மருத்துவம், கணிதம், வேளாண்மை, நெசவு முதலியன சமூகம் முழுவதற்கும் உரிய கூட்டுக் கடமைகள். பர்ளு கிபாயா எனப்படுபவை. இருந்தும் முஸ்லிம் மருத்துவர் ஒருவரேனும் இல்லாத ஊர்களிலும் மாணவர் சட்டக்கல்வியையே நாடினர். காழிப் பதவியும் வக்புச் சொத்துக்களின் நிருவாகமும் அக்கல்வியின் வழியாகவே கிட்டின என்பது அவர் கண்ட காரணம். அம்மாணவர் உழைக்கவில்லை என்று அவர் குறைகூறவில்லை. எதற்காக உழைத்தனர் என்றே கேட்டார். இக்கேள்வியை அவர் தம்மை நோக்கியும் கேட்டார். புகழ் நாடியே கற்பிக்கிறோம் என்று உணர்ந்து, 1095இல் பக்தாத் நிழாமிய்யாவின் பேராசிரியர் பதவியைத் துறந்தார்.

இப்னு கல்தூன் (1332-1406) வேறொரு கோணத்திலிருந்து இப்பொருளை அணுகுகிறார். மனிதர் ஈட்டுவது அவர்தம் உழைப்பின் பெறுமதியே என்பது ‘முகத்திமா’வில் அவர் துணிபு. நாடுவோர் பெருகும்போது கைத்தொழில்கள் செழிக்கின்றன. நாடுவோர் அருகும்போது தேய்கின்றன. அளவிறந்த கடுமை மாணவரைச் சோம்பலுக்கும் பொய்ம்மைக்கும் பழக்குகிறது என்பதும் அவர் கருத்து. சோம்பல் இங்கே பிறவிக்குணமாகவன்றி, சூழலின் விளைவாகவே நோக்கப்படுகிறது.

திருகோணமலையின் வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, அத்தளத்தின் வேலைகளை நம்பி வாழ்ந்தோர் பலர் தொழிலிழந்தனர். அவர்தம் தொழிற்றிறன் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. அதனை வேண்டியோரே அகன்றனர். 2017இல் கிழக்கு மாகாணத்தின் வேலையற்ற பட்டதாரிகள் நியமனம் கோரித் தொடர் போராட்டத்தில் ஈடுபட்டனர். அவர்களுக்குப் பின்னே கற்றுவந்த மாணவனின் ஊக்கத்தை அவனது மனத்தினுள் மட்டுமே தேடுவது எவ்வாறு பொருந்தும்?

கிண்ணியாவின் அனுபவம் இதனினும் துயரமானது. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்படும்வரை அவ்வூர் மக்கள் திருகோணமலை செல்வதற்குப் பாதை எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். பின்னர் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் அமைப்பதற்காகப் பழைய பாலம் அகற்றப்பட்டபோது, அங்கும் மக்கள் மிதவையில் ஏறவேண்டியதாயிற்று. 2021 நவம்பர் 23ஆம் நாள் அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார் நீரில் மூழ்கி மாண்டனர். கல்வியில் ஊக்கமற்றோர் என்று அவர்களை எவர் கூறுவர்? அங்கே தவறியது பாதுகாப்பான வழியை உறுதிசெய்ய வேண்டியோரின் பொறுப்பே. அமானத் என்னும் நம்பிக்கைப் பொறுப்பும், எடுத்த வேலையைச் செவ்வனே முடிக்கும் கடப்பாடும் இஸ்லாமிய உழைப்பு அறத்தின் கூறுகளாயின், அவை முதலில் அளக்கவேண்டியது அவர்களையே.

இவ்வாதத்திற்கும் எல்லையுண்டு. கஸ்ஸாலியின் இறுதி நோக்கம் மறுமை; இப்னு கல்தூன் உரைப்பது பெரிதும் சமூக இயக்கத்தின் விதிகளையே. இவர்களை இன்றைய கல்விக்கொள்கையின் வகுப்பாளராக்குதல் தகாது. சூழலின் குறைபாடு மாணவனின் சோம்பலுக்குச் சமாதானமாகவும் ஆகாது. கஸ்ஸாலி வகுத்த பத்துக் கடமைகள் எட்டினால் ஈடுசெய்யப்படுவனவல்ல.

2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்த திருகோணமலை நிறுவனத்தில் வணிகமும் தொடர்பாடலும் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. அங்கு கற்கும் மாணவனிடம், இக்கல்வி எவருடைய தேவையை நிறைவேற்றும் என்று கேட்பது நியாயமே. அக்கேள்வியைக் கேட்கும் விரிவுரையாளரும் நிருவாகமும் அரசும், தத்தம் கடமைகளுக்கு விடைகூறும் ஆயத்தத்தோடு கேட்டல் வேண்டும். இவ்வீரறிவுறுத்தலும் இணையாதவரை, உழைப்பு அறம் என்பது வலியோர் எளியோருக்கு வழங்கும் உபதேசமாகவே எஞ்சும்.