ஆராச்சி என்னும் படைப்பதவிப் பெயர்

ஆராய்ச்சி என்ற அளவில் ஏடும் எழுத்தாணியும் நினைவுக்கு வருமேயன்றி வாளும் ஈட்டியும் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், பறங்கியர் காலத்து இலங்கையில் ஆராச்சி எனப்பட்டவன் படைத்தலைவனே. லஸ்கரின் எனப்பட்ட சுதேசப் படைவீரரின் சிறு அணியொன்று அவன் ஆணையின்கீழ் நின்றது. அவனுக்கு மேலே முதலியாரும் முகாந்திரமும், கீழே கங்காணமும் இருந்தனர். 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு பறங்கியர் வசமாயிற்று. அதன்பின் அவர்க்கெதிராகக் கிளர்ந்தெழுந்த மிக்கபிள்ளை ஆராச்சியின் பெயரிலே இப்பதவி நம் வரலாற்றிலும் நிலைபெற்றுள்ளது.

சிங்களத்திற் பெருவழக்குடைமையால் இதனைத் தனிச்சிங்களச் சொல் எனக் கருதிவிடுதல் எளிது. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு தமிழ்ச்சொல் எனத் துணிதலும் அத்துணை எளிதே. இவ்விரண்டும் சொல்லாய்வுக்குப் பொருந்தா. ஒலி, பொருள், வழக்கு என்னும் மூன்றும் ஒருவழிப்படுதல் வேண்டும்.

முதற்கண் ஒலி. ஆராய் என்னும் வினையடி 'சி' விகுதி பெற்று ஆராய்ச்சி எனத் தொழிற்பெயராகும். இடையிலுள்ள யகரமெய் பேச்சிற் கெடுதல் இயல்பு. காய்ச்சல் காச்சலாகவும், மேய்ச்சல் மேச்சலாகவும் வழங்குதல் காண்க. அவ்வாறே ஆராய்ச்சி ஆராச்சியாயிற்று.

அடுத்தது பொருள். ஆராய்தல் என்பது நூலை நாடுதல் மட்டுமன்று. முறைவேண்டினோர் அசைக்கும் மணி ஆராய்ச்சி மணி எனப்பட்டமை, விசாரித்தற் பொருளும் அதற்குண்டு என்பதைக் காட்டும். நிலமானியத்துக்கு ஈடாகச் சேவைக்கு வரவேண்டிய வீரரையும் அவர்தம் கருவிகளையும் சரிபார்ப்பவனே நாளடைவில் அவர்க்குத் தலைவனானான் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

எனினும், செயலைக் குறிக்கும் சொல் ஆளைக் குறித்தது எங்ஙனம் என்ற ஐயம் எஞ்சும். அதனை வழக்கு நீக்கும். கண்டி அரசின் முதன்மை அமைச்சர் அதிகாரம் எனப்பட்டார்; அதிகாரி எனப்படவில்லை. வழி என்னும் பொருளுடைய முகாந்திரமும், மேற்பார்வையைக் குறிக்கும் கங்காணமும் அங்ஙனமே ஆட்பெயர்களாயின. கண்காணி என்னும் சொல் சோழர் கல்வெட்டுக்களிலும் பயில்கின்றது. ஆகவே, ஆராச்சி தனித்து நிற்கும் விந்தைச் சொல்லன்று. தொழிலின் பெயர் அத்தொழில் உடையானுக்கு ஆகிவரும் ஒரு வரிசையில் அமைந்ததேயாம்.

படைத்தொழில் மறைந்தபின் இச்சொல் சிங்கள மாவட்டங்களில் விதானை ஆராச்சி என ஊர்த்தலைமைப் பதவியைக் குறித்தது. 1963 இல் தலைமைக்காரர் முறை ஒழிந்தது. ஆயினும் ஹெட்டியாராச்சி, லியனாராச்சி முதலிய குடும்பப் பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது.

வேர் தமிழாயினும், படைப்பதவி என்னும் பொருளில் அதனை வளர்த்துப் பேணியது சிங்கள வழக்கே. ஒரு சொல்லின் பிறப்பை அறிதல் அதற்கு உரிமை கொண்டாடுதற்கன்று. இரு மொழியினரும் ஒருவரோடொருவர் நெருங்கி வாழ்ந்த காலத்தை, ஏடுகளினும் தெளிவாக இத்தகைய சொற்கள் உணர்த்துகின்றன. அவ்வுண்மையைக் காண்பதே ஆராய்ச்சி என்னும் பெயருக்கு ஏற்ற பணியாகும்.