வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை, மிச்சமெல்லாம் லியோன்

புது ஊரைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டிப் புத்தகம் வாங்காதீர்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேருங்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் வகுப்பு நிறையக் கிடைத்துவிட்டால் ஊர் உங்கள் கையில். பிரான்ஸின் லியோன் நகரம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அன்றிலிருந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் லியோன் புராணம் பாடித் தீர்த்துவிட்டேன். இப்போது உங்கள் முறை.

பிரெஞ்சு அரசு 'மொழி உதவியாளர்' திட்டம் ஒன்று நடத்துகிறது. பிரெஞ்சு படித்த வெளிநாட்டு இளைஞர்களை வரவழைத்து, அங்குள்ள பிள்ளைகளோடு வேற்றுமொழி பேசவைப்பதுதான் நோக்கம். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பேசவேண்டியது ஆங்கிலம். பொதுவாக அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரலில் முடியும் ஏழு மாத ஒப்பந்தம். வாரத்துக்கு 12 மணி நேரம் வகுப்பு. கைக்கு வருவது மாதம் சுமார் 800 யூரோ. அதில் ராஜபோகம் நடக்காது, ஆனால் கணக்குப் பார்த்துச் செலவழித்தால் ஓட்டிவிடலாம். இலக்கணம் நடத்த வேண்டாம், மதிப்பெண் போட வேண்டாம். அதற்கெல்லாம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நம் வேலை, வாயைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகளைப் பேசவைப்பது மட்டும்.

லியோன் கல்வி வட்டாரம் என்று கடிதம் வந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது. ரோன், லுவார், ஏன் என்று மூன்று மாவட்டங்கள் அதற்குள் அடக்கம். எங்கோ ஒரு சிற்றூரிலும் போடலாம். எனக்கு நகரத்துக்குள்ளேயே ஒரு லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், இடம் விழுந்தது. லாட்டரி என்றால் இதுதான் லாட்டரி!

முதல் வாரம் சுய அறிமுகம், காஞ்சிபுரம் படங்கள், இந்தியாவில் எல்லோரும் தினமும் காரமாகவே சாப்பிடுவார்களா என்ற விசாரணை. அடுத்த வாரத்துக்கு ஒரு திட்டம் போட்டேன். "நான் ஊருக்குப் புதுசு. வர்ற சனி, ஞாயிறு எங்கே போகட்டும்? இங்கிலீஷ்ல பேசி என்னைச் சம்மதிக்க வைங்க. ஜெயிக்கிறவங்க சொன்ன இடத்துக்குத்தான் போவேன். திங்கட்கிழமை படத்தோட வந்து கணக்கு ஒப்பிப்பேன்." அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்த வகுப்பு ரெண்டுபட்டது. தன் பேட்டையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? சண்டை போடவேண்டிய அவசியம் வந்ததும் ஆங்கிலம் தானாக வந்தது.

முதலில் ஜெயித்தவள் பழைய லியோனில் குடியிருக்கும் ஒரு பெண். அவள் வாதம் ரத்தினச் சுருக்கம்: "கதவைத் தள்ளுங்க." சோன் ஆற்றின் மேற்குக் கரையில், ஃபூர்வியேர் மலையடிவாரத்தில் இருக்கிறது பழைய ஊர். மறுமலர்ச்சிக் கால வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் இந்தப் பகுதியும் சேர்ந்ததுதான் 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய லியோன். தெருவில் நின்று பார்த்தால் சாதாரண மரக்கதவுதான். தள்ளினால் இருட்டு நடை, அதைத் தாண்டினால் நடுமுற்றம், சுழல் படிக்கட்டு, தலைக்கு மேலே வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள். இன்னும் நடந்தால் அடுத்த தெருவில் வெளியே வந்துவிடுவோம். இந்த வழிகளுக்கு ட்ராபூல் என்று பெயர். ஊர் முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உள்ளே மனிதர்கள் குடியிருக்கும் தனியார் கட்டடங்கள் என்பதால் சுமார் நாற்பது மட்டுமே நம் போன்றவர்களுக்குத் திறந்திருக்கும். வழியை அடைக்காமல் விடுவது குடியிருப்பவர்கள் பொறுப்பு, பராமரிப்பில் கைகொடுப்பது நகராட்சியின் பொறுப்பு என்று ஒப்பந்தம்.

சேன் ழான் தெரு 54ஆம் எண் கதவில் நுழைந்து பாருங்கள். முற்றம், நடை, மறுபடி முற்றம் என்று கட்டடம் கட்டடமாகக் கடந்து, பெஃப் தெரு 27ஆம் எண்ணில் வெளிச்சத்துக்கு வருவீர்கள். பழைய ஊரின் மிக நீளமான ட்ராபூல் அது. வெளியே வந்ததும் திரும்பி, மறுபடியும் அதே வழியாக நடந்தேன். எனக்கு என்ன வயசு என்று நீங்கள் கேட்கக்கூடாது. அதே பெஃப் தெருவில் 16ஆம் எண் முற்றத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோபுரம் நிற்கும். அதையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த வாரம் வெற்றி க்ருவா ரூஸ் பையனுக்கு. "எங்க வீட்ல பல்பு மாத்தணும்னா ஏணி வேணும்" என்று ஆரம்பித்தான். வகுப்பே சிரித்தது. காரணத்தைச் சொன்னபோது நான் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பட்டு நெசவாளர்களின் மலை க்ருவா ரூஸ். ஜக்கார்டு பொருத்திய தறி உயரமானது. அதை நிறுத்த நான்கு மீட்டர் வரை உயரமான கூரை வேண்டும். அதனால்தான் அங்கே வீடுகள் அப்படி. கீழே தறி, ஓரத்தில் பலகையால் பரண் கட்டி அதில் படுக்கை.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வளர்ந்தவள். பெரியப்பா தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து தொங்கும் துளையிட்ட அட்டைச் சரம். அந்தச் சத்தத்தில்தான் என் வீட்டுப்பாடம் முழுவதும் நடந்தது. அந்தப் பெட்டியின் சொந்த ஊருக்கே அல்லவா வந்திருக்கிறேன்! 1752இல் லியோனில் பிறந்த ஜோசஃப் மரி ஜக்கார்டு, முன்னோடிகள் பலர் முயன்ற வேலையை 1804 வாக்கில் முடித்துக் காட்டினார். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. பூ, கொடி எல்லாம் அட்டையில் இருக்கிறது. அதற்கு முன்பு பாவு நூலைத் தூக்க, கயிறு இழுக்கும் வேலைக்குத் தனியாக ஆள் வேண்டும், பெரும்பாலும் சிறுபிள்ளைகள். 1839இல் லியோன்காரர்கள் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு மட்டும் சுமார் 24,000 அட்டைகள்! அதன் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் கணினியின் முன்னோடி சார்ல்ஸ் பாபேஜ்.

இவ்ரி தெருவில் 'மேஸோன் தெ கனூ' என்று ஒரு சிறிய அருங்காட்சியகம். அங்கே பழைய தறியை ஓட்டியே காட்டுகிறார்கள். அட்டை திரும்பும் அந்த 'டக்' சத்தம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். பேச்சை நிறுத்திவிட்டு அவர் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஜரிகை எப்படி ஓட்டுவீர்கள், உங்கள் தறி பள்ளத்தில் இருக்குமா, ஒரு புடவைக்கு எத்தனை நாள் என்று வரிசையாக! கூட வந்த சுற்றுலாக்காரர்கள் இரண்டு ஊர்ப் பட்டையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மலைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1831 நவம்பரில், நெய்த துணிக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டு, ஒப்புக்கொண்ட கூலியையும் வியாபாரிகளில் பலர் தர மறுத்தபோது, நெசவாளர்கள் இங்கிருந்துதான் இறங்கிப் போய் நகரத்தையே சில நாள் பிடித்து வைத்திருந்தார்கள். படை வந்துதான் ஊரை மீட்டது. 1834இல் மறுபடி எழுச்சி, மறுபடி ரத்தம். ஆறு மாடிக்குப் படிக்கட்டுகள் குறுக்கும் நெடுக்குமாக ஏறும், அந்த மலையின் வொராஸ் முற்றத்தில் நின்றபோது, அந்தப் படிகளில் தடதடவென்று இறங்கிய கால்களைத்தான் நினைத்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் கடைசி பெஞ்ச் கூட்டணிக்கு ஏகமனதான வெற்றி. உலகப் புகழ்பெற்ற சமையல் கலைஞர் போல் போக்யூஸ் இந்த ஊர்ப்பக்கத்துக்காரர், அவர் பெயரில் மூடிய சந்தையே இருக்கிறது என்று ஆங்கில ஆசிரியை ஆரம்பித்ததும், "மேடம், அவங்க சம்பளம் எவ்வளவுன்னு யோசிங்க" என்று என் சார்பில் ஒருவன் வாதாடினான். அவர்கள் அனுப்பியது பேக்கரிக்கு. பாதாம் மேல் சர்க்கரைப்பாகு ஏற்றி, பளீரென்ற ரோஜா நிறத்தில் இருக்கும் ப்ரலீனை இடித்துப் போட்ட பிரியோஷ் ரொட்டி; அதே ப்ரலீனைக் க்ரீமோடு காய்ச்சி ஊற்றிய தார்த். இனிப்பு என்றால் அப்படி ஓர் இனிப்பு! திங்கட்கிழமை பகல் 'பூஷோன்' என்று சொல்லப்படும் பாரம்பரிய உணவுக்கடைகளில் ஒன்றில் ஆசிரியை எனக்கு வாங்கிக்கொடுத்தார். நன்னீர் மீனை அரைத்துப் பொங்கப் பொங்கச் சுட்ட கெனெல். பூண்டு, சின்ன வெங்காயம், பச்சைத் தழை அரிந்து கலந்த புதுப் பாலாடைக்கட்டி. காரம் தேடி நாக்கு தவித்தபோது கியோட்டியேர் பகுதி ஆசியக் கடைகளில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் கிடைத்தன. இதற்கு மேல் ஓர் ஊர் என்ன செய்யவேண்டும்?

பேசவே பேசாத ஒரு பையன் இருந்தான். அவன் முறை வந்தபோது சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று: "சினிமா எங்க தெருவுல பிறந்தது." எதிர்த்து யாரும் வாய் திறக்கவில்லை. மெட்ரோ டி வழித்தடத்தில், ஓட்டுநரே இல்லாத ரயிலின் முன்வரிசையில் உட்கார்ந்து சுரங்கத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே மோன்ப்ளேசிர்-லுமியேர் நிலையத்தில் இறங்கினேன். பக்கத்திலேயே 'முதல் படத் தெரு'. பெயரே அதுதான். 1895இல் லுமியேர் சகோதரர்கள் கேமராவைத் தங்கள் தொழிற்சாலை வாசலில் வைத்து, வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளர்களைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத படம். அன்று பின்னணியில் நின்ற கொட்டகையின் மரச்சட்டங்கள் இன்னும் இருக்கின்றன, இப்போது அதற்குள் ஒரு திரையரங்கு! அக்டோபரில் ஊர் முழுக்க லுமியேர் திரைப்பட விழா வேறு. பழைய கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு இளவட்டங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து நானும் போய் நின்றேன்.

ஃபூர்வியேர் உச்சிக்குக் கயிற்று ரயிலில் ஏறலாம். 1872இல் கட்ட ஆரம்பித்த வெள்ளைப் பசிலிக்கா அங்கே நிற்கிறது. நான்கு கோபுரத்தோடு பார்க்க, கவிழ்த்துப் போட்ட யானை என்று ஊரார் கேலி செய்வார்கள். சற்றே இறங்கினால் ரோமானியர் அரங்கு. கி.மு. 43இல் லுக்துனும் என்ற பெயரில் தொடங்கிய ஊர் இது. ரோமப் பேரரசர் கிளாடியஸ் பிறந்த மண். சுமார் 10,000 பேர் உட்காரக்கூடிய அந்தக் கல்வரிசையில் காசு கொடுக்காமல் உட்கார்ந்து, அடுத்த வாரப் பாடத்துக்குக் குறிப்பெடுத்தேன். வானம் தெளிவாக இருந்த ஒரு நாள் தூரத்தில் மோன் ப்ளான் பனிச்சிகரம் தெரிந்தது. ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன். "அது தெரிஞ்சா மறுநாள் மழை" என்று காபியிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் வந்தது. மறுநாள் கொட்டித் தீர்த்தது!

தெத் தோர் பூங்காவை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: 117 ஹெக்டேர், ஏரி, ரோஜாத் தோட்டம், ஒட்டகச்சிவிங்கி, எல்லாம் இலவசம். ஆல்ப்ஸிலிருந்து வேகமாக வரும் ரோனும் சோம்பலாக வரும் சோனும் கலக்கும் முனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பாரிஸுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 2005இல் இங்கே வந்துவிட்ட வெலோவ் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோன் கரையோரமாகவே மிதியுங்கள்.

டிசம்பர் 8 பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மாணவர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1852இல் அன்று ஃபூர்வியேரில் கன்னி மரியாள் சிலை திறப்பு. முதலில் குறித்திருந்த செப்டம்பர் தேதியைச் சோன் ஆற்று வெள்ளம் கெடுத்தது. டிசம்பரிலும் பகலில் புயல் மிரட்ட, மாலையில் வானம் வெளுத்ததும் மக்கள் தாங்களாகவே ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவத்தி ஏற்றினார்கள். இன்று அது உலகெங்கிலுமிருந்து கூட்டம் திரளும் ஒளித் திருவிழா. கட்டடச் சுவர்களெல்லாம் திரைகளாகிவிடும். ஆனால் எனக்குப் பிடித்தது பழைய வழக்கம்தான். நம் கார்த்திகை வரிசையைத் தூக்கி ஐந்தாறு மாடிக்கு ஜன்னல் விளிம்புகளில் வைத்தது போல, சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தெரு முழுக்கச் சுடர். என் அறை ஜன்னலிலும் ஏற்றினேன். எதிர்வீட்டுப் பாட்டி கை காட்டினார்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் வகுப்பில் இன்னொன்றும் நடந்தது. லியோனின் கிழக்குப் புறநகரிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் ட்ராபூல் கதவு எதையும் அதுவரை தள்ளியதில்லை. பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனால் அந்தப் பக்கம் போக ஒரு காரணம் வாய்க்கவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம், பள்ளி இல்லாத நேரத்தில், பழைய லியோன்காரப் பெண்ணே அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த வகுப்பில் அவர்கள் ஆங்கிலத்தில் எனக்குக் கணக்கு ஒப்பித்தார்கள், நான் தூண்டாமலே!

பிரெஞ்சு படிக்கிற தம்பி, தங்கைகளே, இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். பாரிஸ் கிடைக்கவில்லை என்று யாராவது அனுதாபப்பட்டால் சிரித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். எந்த ஊர் கிடைத்தாலும் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளைக் கேளுங்கள், எங்கே போகட்டும் என்று. லியோனே கிடைத்தால் மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். பொறாமைப்படுவதற்கு எனக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும்!